வேலி தாண்டிய பயிற்சி

என் தங்கை சுதர்சினிக்கு வாய் இருக்கிற அளவுக்குச் சூது கிடையாது. அவளுடைய மகள் மேனுகாவுக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். எழுப்பி நிறுத்தினால் கால்கள் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ளும். பக்கத்து வளவு ரஜிதாவின் மகன் கிருபனுக்கும் அதே வருத்தம். ஒட்டுசுட்டான் காட்டோரத்தில், ஒரு வேலிக்கு இரண்டு பக்கமும் நடக்காத இரண்டு பிள்ளைகள். கடவுளுக்கும் பகிடி தெரியும் போலிருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்காரர் வந்தார்கள். பொதுநோக்கு மண்டபத்தில் கம்பிகள் பூட்டி, பிள்ளைகளை நடக்கப் பழக்கும் வகுப்பு தொடங்கினார்கள். ஆனால் எல்லோருக்கும் இல்லை. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி. மற்றப் பாதி வழமைபோல ஆஸ்பத்திரிக் கிளினிக்கோடு நிற்கவேண்டும். முடிவில் இரண்டு பகுதியையும் அளந்து பார்ப்பார்கள். பயிற்சி பெற்றவர்கள் முன்னுக்கு நின்றால் வகுப்பு நிரந்தரமாகும், எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும். பொறுப்பாக இருந்த டொக்டர் அம்மா இதைப் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார். பயிற்சியை வெளியில் ஒருவருக்கும் காட்டவேண்டாம் என்றும் சொன்னார்.

மேனுகாவுக்குச் சீட்டு விழுந்தது. கிருபனுக்கு விழவில்லை.

நான்தான் என் ஓட்டோவில் தாயையும் பிள்ளையையும் கூட்டிப்போவேன். திரும்பி வந்து இறங்கும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் பாயில் கிடக்கும் கிருபன் தலையைத் தூக்கிக் கேட்பான்: "மேனு, இண்டைக்கு என்ன செய்தனி?" மேனுகா ஒன்றுவிடாமல் சொல்லுவாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் விரால் மீன் காய்ச்சி, அடுத்த வீட்டுக்கு வாசம் மட்டும் போனால் அது குற்றம். கறிக்கிண்ணம் வேலிக்கு மேலால் போகவேண்டும். அப்படிப்பட்ட இடத்தில், பிள்ளையின் காலை நிமிர்த்துகிற வித்தையை ஒளித்து வை என்றால் யார் ஒளிப்பது? கிண்ணத்தோடு பயிற்சியும் போனது. ரஜிதாவின் புருஷன் கம்பிக்குப் பதிலாகக் காட்டுத்தடி வெட்டி முற்றத்தில் நட்டான். தொடையை விரித்துப் பிடிப்பது, பலகையில் இருந்து எழும்புவது, தடியைப் பிடித்து எட்டு வைப்பது எல்லாவற்றையும் சுதர்சினி காட்டிக்கொடுத்தாள்.

அளக்கிற நாள் கிட்டியபோதுதான் அவளுக்குப் பயம் பிடித்தது. "வீட்டில ஏதும் செய்தனீங்களோ எண்டு கேட்டால் இல்லையெண்டு சொல்லு. இல்லாட்டி மேனுவை வகுப்பால நிப்பாட்டிப்போடுவினம்" என்று ரஜிதாவிடம் சொன்னாள். கேட்டார்கள். ரஜிதா இல்லை என்றாள். கிருபன் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேனுகாவுக்குச் சமமாக நடந்தான். ரஜிதா அழுதாள், எனக்கும் கண் கலங்கியது. அன்றைக்கு எங்களைப்போலச் சந்தோஷமான மடையர்கள் உலகத்தில் இல்லை.

சில மாதம் கழித்துத் தாய்மாரை மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். டொக்டரின் முகம் சரியில்லை. இரண்டு பகுதிப் பிள்ளைகளும் ஒரே அளவுக்குத்தான் முன்னேறியிருக்கிறார்கள், ஆகவே வகுப்பால் தனிப் பலன் ஒன்றும் இல்லையென்றுதான் முடிவு வந்திருக்கிறது என்றார். இனி வகுப்புக்குக் காசு வராதாம். வெளியே லொறி வந்து நின்றது.

சுதர்சினி எழும்பினாள். "டொக்டர், நான் ரஜிதாவுக்குக் காட்டிக் குடுத்தனான். ரெண்டு பிள்ளையளும் ஒரே பயிற்சிதான் செய்ததுகள்."

ஒரு பிள்ளையால் முடிவு மாறாது என்று டொக்டர் சொல்லத் தொடங்கினார். அதற்குள் பின்வரிசையில் இன்னொரு தாய் எழும்பினாள். அவள் தன் தமக்கையின் பிள்ளைக்குக் காட்டினாளாம். பிறகு ஒருத்தி, பிறகு இன்னொருத்தி. சீட்டு விழுந்த தாய்மாரில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவள் ஒருத்திகூட இல்லை.

டொக்டர் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். "அளந்த அண்டைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா" என்று மட்டும் கேட்டார். இனி இந்த ஆராய்ச்சி ஒன்றுக்கும் உதவாது, முதலிலிருந்து திரும்பச் செய்ய ஒருவரும் கை கொடுக்கமாட்டார்கள் என்றார். அந்த மனுஷியைக் கோபிக்கவும் எனக்கு மனம் வரவில்லை, கோபிக்காமல் இருக்கவும் முடியவில்லை. பின்னேரத்துக்குள் கம்பிகளைக் கழற்றி லொறியில் ஏற்றிவிட்டார்கள்.

பிள்ளை வளர வளரப் பயிற்சியும் மாறவேண்டுமாம். எப்படி மாற்றுவது என்று சொல்லித்தர இங்கே ஆளில்லை. பழையதையே கொஞ்சக் காலம் செய்வித்துப் பார்த்தார்கள். மேனுகாவின் குதிக்கால் இப்போது நிலத்தில் படுவதில்லை. கிருபனுக்கு இடுப்பு மூட்டு விலகிவிட்டது, தூக்கினால் கத்துகிறான்.

போன மாதம் மேனுகாவின் காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்த சுதர்சினி என்னைக் கேட்டாள். "அண்ணா, நான் ரஜிதாவுக்குக் காட்டாமல் விட்டிருந்தால் வகுப்பு நிலைச்சிருக்கும். மேனு இப்ப நடப்பாள், என்ன?"

நான் வாய் திறக்கமுன் வேலிப்பக்கம் சரசரத்தது. ரஜிதா கறிக்கிண்ணத்தோடு நின்றாள். எல்லாம் கேட்டுவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கிண்ணத்தை நீட்டினாள், சுதர்சினி வாங்கினாள்.

அந்தக் கிண்ணம் இன்னும் தங்கையின் குசினி அடுப்படியில்தான் கிடக்கிறது. திருப்பிக் கொடுக்க அவளுக்கு முகமில்லை, கேட்டு வாங்க ரஜிதாவுக்கு மனமில்லை. பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது. நேற்றும் நான் தங்கை வீட்டு வாசலில் ஓட்டோவை நிறுத்தும்போது கிருபன் பாயில் கிடந்தபடி கேட்டான்.

"மேனு, இண்டைக்கு என்ன செய்தனி?"

"ஒண்டும் செய்யேல்லை" என்றாள் மேனுகா.