குருவியின் இருமல்

யாரும் எதையும் சும்மா தருவதில்லை என்பது தையல்காரியின் தீர்மானம். அரசாங்க வாடகை உதவியில் மூன்றாம் மாடியில் இந்த வீடு கிடைத்து எட்டு மாதமாகிறது. அட்டைப்பெட்டிகளில் பாதியை அவள் இன்னும் பிரிக்கவே இல்லை. எப்படியும் ஒருநாள் பிடுங்கிக்கொள்ளத்தான் போகிறார்கள், மறுபடி யார் கட்டுவது?

வீடு கிடைத்ததே மகள் குருவியால்தான். பழைய சந்து வீட்டில் சுவர் முழுக்க ஈரம், ஈரத்தின் மேல் கறுப்பாகப் பூஞ்சை. குருவிக்கு ஓயாத மூச்சிரைப்பு. மாதத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம் கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டித்தான் உதவி வாங்கினாள். இங்கே வந்தபின் பிள்ளைக்கு ஒருநாள்கூட இரைக்கவில்லை, ஒருநாள்கூட லீவு போடவில்லை. வேறொருத்தியாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இவள் பயந்தாள். நோய்க்காகக் கொடுத்த வீடாயிற்றே, நோய் போய்விட்டால்?

அப்போதுதான் வாடகை உதவி ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிள்ளையின் உடல்நிலை, படிப்பு பற்றி விசாரிக்கச் செவ்வாய்க்கிழமை மதியம் ஆள் வருமாம். நான்கு தடவை படித்தாள்.

"பாத்தியா, ஆழம் பாக்குறாங்க" என்றாள் மகளிடம்.

செவ்வாய்க்கிழமை குருவியைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கழுத்தில் துண்டைச் சுற்றிக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"அவங்க வந்ததும் இருமு. ரொம்ப வேணாம், நடுநடுவுல."

"பொய்தானேம்மா?"

"பழைய வீட்ல எவ்வளவு இருமின! அதுல மிச்சம்னு வச்சுக்கோ."

வந்தவள் வியர்த்து விறுவிறுத்திருந்த ஒரு நடுத்தர வயதுக்காரி. பையிலிருந்து படிவத்தையும் பென்சிலையும் எடுத்தாள். தையல்காரியின் கண் பென்சிலிலேயே நின்றது. பென்சிலால் எழுதுகிறவளை எப்படி நம்புவது? இங்கே ஒன்றை எழுதிக்கொண்டு ஆபீஸில் வேறொன்றாக மாற்றிவிட மாட்டாளா?

"இந்த மாசம் எத்தனை நாள் லீவு?"

"பாதி மாசம் வீட்லதான் மேடம்."

குருவி இருமினாள். பிறகும் இருமினாள். பெற்றவளுக்கே கொஞ்சம் ஓவராகப் பட்டது.

வந்தவள் எழுதி முடித்துப் பெருமூச்சு விட்டாள். "உங்க சந்துலேந்து வந்த நாலு வீட்டுக்குப் போயிட்டேன். நாலுலயும் இதே கதை. வீடு மாத்தியும் பிள்ளைங்க தேறலன்னா, அங்க மிச்சமிருக்கிற பதினொரு குடும்பத்துக்குக் கொடுத்து என்ன பிரயோஜனம்னு மேல கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அந்தப் பதினொன்றில் ஒன்று தையல்காரியின் தங்கை. அதே ஈரச் சுவருக்கு மறுபக்கம் குடியிருக்கிறாள். போன வாரம்தான் அவளுடைய கைக்குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்தார்கள்.

தையல்காரி வாசலிலேயே நின்றாள். இதுவும் தன் வாயைப் பிடுங்கும் தந்திரமாக இருந்தால்? உண்மையைச் சொன்னால் இந்த வீடு போகும். சொல்லாவிட்டால் தங்கைக்கு வீடே வராது. குழந்தையின் மூக்கில் ஒட்டியிருந்த அந்தக் குழாய் கண்ணை விட்டுப் போகவில்லை.

"குருவி, ஓடு! அவங்களப் பிடி!"

பிள்ளை துண்டை வீசிவிட்டுப் பறந்தாள். தாய் தட்டுத்தடுமாறி மூன்று மாடி இறங்கிக் கீழ்வாசலை அடைந்தபோது, குருவி வந்தவளின் பைவாரைப் பிடித்துக்கொண்டு நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு மூச்சே வாங்கவில்லை. தாய்க்குத்தான் வாங்கியது.

"இவ... ஒருநாள்கூட லீவு போடல மேடம். இன்னிக்குத்தான்... நான்தான் இருமச் சொன்னேன்." சுவரைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டத் திருப்பிக் கேப்பாங்களா?"

"அது என் கையில இல்லம்மா. நீங்க சொல்றத எழுதறதுதான் என் வேலை. எதை எழுத?"

தையல்காரி மகளைப் பார்த்தாள். பிள்ளை அதற்குள் வாசற்படியில் ஏறுவதும் குதிப்பதுமாக இருந்தாள்.

"இப்ப சொன்னதத்தான்."

வந்தவள் படிவத்தை மதில்மேல் வைத்து ரப்பரால் அழித்தாள். கடைசி எழுத்து மறையும்வரை தையல்காரி கண்ணெடுக்கவில்லை. வந்தவள் மறுபடி பென்சிலை எடுத்ததும் தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பென்சில் வேணாம் மேடம். பேனாவுல எழுதுங்க."