விரல் நுனியில் நாலு தையல்

அடுக்களை மேசையில் பழுப்பு அட்டையை வைத்து, அதன்மேல் தம்பியின் வலது கையை விரித்து, பென்சிலால் விரல் விரலாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள் அக்கா.

"ஆடாதேடா. கோடு நெளியுது பாரு."

"கூசுது. ரேகை பாக்கறவன்கூட என் கையை இத்தனை தடவை பிடிச்சதில்ல."

விமானப்படைக்குக் குளிர் உடுப்பு வடிவமைப்பது அவள் வேலை. சரக்கு விமானத்தில் ரேடியோ பார்ப்பது அவன் வேலை. நடுத்தர அளவுக் கையுறைக்கு அவன் கைதான் அச்சு. அந்த அட்டையில் வெட்டித் தைத்த புது மாதிரியையும், அடுத்த முறை அவன் வந்தபோது, அவனிடமே போட்டுப் பார்க்கக் கொடுத்தாள். உள்ளே கம்பளி, வெளியே தோல். இரண்டும் நழுவாமலிருக்க ஒவ்வொரு விரல் நுனியிலும் நாலு தையல்.

"நுனியில கல்லு மாதிரி இடிக்குதுக்கா. சுவிட்சே தட்டுப்படல. பிரிச்சு விட்டுடேன்."

"பிரிச்சா உள்துணி நிக்காதுடா. கழட்டும்போது கையோட வந்துடும்."

"ஆமா, மேலே போய் கையுறையைக் கழட்டி வெச்சுட்டுத் துணி துவைக்கப் போறேனாக்கும்!"

சிரித்துவிட்டாள். சிரித்தபடியே பத்து விரலிலும் தையலைப் பிரித்தாள். விரலை மடக்கி நீட்டிப் பார்த்தவன், "இப்பதான் கை என்னோடது" என்று சொல்லி அந்த ஜோடியோடு கிளம்பினான். பாதித் தேநீர் அப்படியே ஆறிக் கிடந்தது.

ஒன்பதாம் நாள் விமானம் பனிச்சரிவில் விழுந்தது. மற்றவர்கள் விழுந்தபோதே போய்விட்டார்கள். அவன் மட்டும் இரண்டு நாள் உயிரோடு இருந்திருக்கிறான். ஆட்கள் போய்ச் சேர ஐந்து நாள் ஆயிற்று.

உடுப்பு சோதனைக்காக அவள் மேசைக்கே வந்தது.

"வேற யார்கிட்டயாவது குடுத்துடறேம்மா," என்றார் மேலாளர்.

"வேண்டாம் சார். அவன் உடம்பு எனக்குத்தான் தெரியும்."

ஜிப் கழுத்துவரை ஏறியிருந்தது. ஒரு தையலும் விடவில்லை. இடது கையுறை சரியாகவே இருந்தது. வலதில் மட்டும் கம்பளியின் ஐந்து விரலும் தோலுக்கு வெளியே பிதுங்கி, விறைத்து நின்றன. ரேடியோவைத் திருக அவன் கையுறையைக் கழற்றியிருக்கிறான். வியர்த்த கையோடு உள்துணியும் உருவிக்கொண்டு வந்திருக்கிறது. மரத்த விரலால் அதைத் திரும்ப உள்ளே தள்ள முடியாது. தன் கையை நுழைத்துப் பார்த்தாள், விரல் கணுவோடு நின்றுவிட்டது.

மாலையில் மேலாளர் படிவத்தோடு வந்தார். "குறை ஒண்ணுமில்லைன்னு போட்டுடலாமா? போனவன் வரவா போறான்? உன் வேலையாவது தங்கட்டும்."

அவள் பேனாவை வாங்கி எழுதினாள்: 'இரண்டு கையுறையிலும் விரல் நுனித் தையல் இல்லை. பிரித்தது நான்.'

அதைப் படித்த மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வடிவமைப்பிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். இப்போது வெட்டும் பிரிவில் துணி சரிபார்க்கிறாள். விரலுக்கு ஆறு தையல் என்று உத்தரவாகிவிட்டது. இடிக்கிறது என்று பறப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். யாரும் பிரித்துக் கொடுப்பதில்லை.

நடுத்தர அளவு அட்டையை மட்டும் யாரும் மாற்றவில்லை. சுண்டுவிரல் பக்கம், கூச்சத்தில் அவன் ஆடிய இடத்தில், கோடு இன்னும் கொஞ்சம் நெளிந்துதான் இருக்கிறது.