சமையற்கட்டு உருக்காலை

பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் உருக்காலை வைத்திருந்த ஒரே குடித்தனக்காரர் சத்யநாராயணன்தான். அதுவும் சமையற்கட்டில். கல்லூரியில் லெக்சரர் வேலை பார்த்துக்கொண்டே அவருக்கு பிஎச்டி ஜவ்வாய் இழுத்துக்கொண்டிருந்தது. உருகிய இரும்பிலிருந்து, மேலே மிதக்கும் கசடுக்குக் கந்தகம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது ஆராய்ச்சி. ஆயிரத்து அறுநூறு டிகிரிக்கு எந்த ஹவுஸ் ஓனர் சம்மதிப்பார்? அதனால் மீன் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, அதுதான் இரும்பு என்றார். மேலே மிதந்த சூரியகாந்தி எண்ணெய் கசடு. கந்தகத்துக்குப் பதில் தைமால், அதாவது ஓமத்தின் சத்து. அடியில் மோட்டார் காற்றை ஊத ஊத, தண்ணீரிலிருந்து ஓமம் எண்ணெய்க்கு ஏறும். உலகத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் இப்படித்தான் செய்கிறார்கள் என்று மனைவி சுப்ரஜாவிடம் சொல்லிப் பார்த்தார்.

"எங்கண்ணன் சிறுசேரி ஐ.டி. கம்பெனிக்குப் போய் ஃப்ளாட்டே வாங்கிட்டான்" என்றாள் அவள்.

கைடு பக்தவச்சலம் சாக்குகள் கேட்டுக் காது புளித்தவர். ஞாயிற்றுக்கிழமை தானே வந்து கடைசி சாம்பிளை வாங்கிப்போய்ச் சோதிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். அது இல்லையென்றால் பிஎச்டிக்கு முழுக்குத்தான்.

சத்யநாராயணன் கடைசித் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் பிடித்து ஜன்னலில் வைத்தார். எண்ணெயை ஒரு தூக்கில் இறுத்துவிட்டு, தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். கைடை அழைத்துவரத் தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

திரும்பி வந்து, அவரை ஹாலில் உட்காரவைத்துவிட்டுப் பார்த்தால் ஜன்னலில் பாட்டில் இல்லை.

"கீழ் வீட்டு ஓனருக்கு வயிறு சரியில்லை. ஓமத் தண்ணி கேட்டார், ஜன்னல்ல இருந்ததைக் கொடுத்தேன்" என்றாள் சுப்ரஜா.

சத்யநாராயணனுக்கு அழுகை வந்தது. ஹாலுக்குப் போய், "சார், சாம்பிளை ஹவுஸ் ஓனர் குடிச்சிட்டார்" என்றார்.

சுப்ரஜா தட்டில் வைத்த காராசேவைக் கொறித்துக்கொண்டிருந்த பக்தவச்சலம் நிமிர்ந்தார். "போன தடவை கரன்ட். அதுக்கு முன்னாடி மோட்டார். இப்ப ஹவுஸ் ஓனரா?"

அந்த நேரம் பார்த்து ஓனர் முனிரத்தினம் காலி பாட்டிலோடு மாடியேறி வந்தார். 'கடைசி சாம்பிள்' என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

"இன்னா சார், மர்ந்து சூப்பரு! வவுறு பேஜார் பண்ணிகினு இர்ந்துச்சு, இப்ப கம்முனு கீது. இன்னொரு பாட்டில் கீதா?"

பக்தவச்சலம் பாட்டிலைப் பார்த்தார். முனிரத்தினத்தின் வயிற்றையும் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது.

"தண்ணி போனாப் போகட்டும் சத்யா. தண்ணியை விட்டுப் போன ஓமம் எங்க போயிருக்கும்? எண்ணெய்லதானே? அதை அளந்து, மொத்தத்துல கழிச்சா முடிஞ்சது. எண்ணெயைக் கொண்டு வாங்க."

போன உயிர் திரும்பி வந்தது. சத்யநாராயணன் சமையற்கட்டுக்குப் பாய்ந்தார். தூக்கு காலியாக இருந்தது. அடுப்பில் வாணலி, வாணலியில் எண்ணெய், எண்ணெயில் அடுத்த ஈடு சேவு.

"வீட்ல இருந்த எண்ணெய் பூரா நீங்கதானே தொட்டியில ஊத்தினீங்க? வந்த மனுஷருக்கு வேற எதுல சுடறது?" என்றாள் சுப்ரஜா.

ஹாலிலிருந்து பக்தவச்சலத்தின் குரல் கேட்டது. "சேவு பிரமாதம்மா! ஓமம் நல்லாத் தூக்கலா இருக்கு."

"ஓமமா? நான் போடவே இல்லையே சார்" என்றாள் சுப்ரஜா வெள்ளந்தியாக.

மெல்லும் சத்தம் நின்றது. சத்யநாராயணன் மெதுவாக ஹாலுக்குள் தலையை நீட்டினார். பக்தவச்சலம் கையிலிருந்த சேவை முகர்ந்து பார்த்தார், அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார்.

"ஆறு மாசம் எக்ஸ்டென்ஷன் எழுதித் தர்றேன்" என்றார் கடைசியில். சேவுத் தட்டை மட்டும் திருப்பித் தரவில்லை.