பாதி தூக்கிய கை

பந்து வானத்திலேயே நின்றுவிட்டதுபோல் இருந்தது. அதற்கு நேர் கீழே முஜீப் அண்ணாந்து, தொண்டைக்குழியைக் காட்டிக்கொண்டு நின்றான். யூனுஸ் பந்தைப் பார்க்கவில்லை. அந்தத் தொண்டைக்குழியைத்தான் பார்த்தான்.

சரவணம்பட்டியில் ஒரு கல்லூரி மைதானம். திருப்பூர்க்காரர்களோடு அமெரிக்கன் ஃபுட்பால். ஆட்டம் முடியப் போகிறது, கோவை அணி பின்தங்கியிருக்கிறது. மேற்கொண்டு நகர முடியாத திருப்பூர்க்காரர்கள் பந்தை உயர உதைத்து அனுப்பிவிட்டார்கள். அதைப் பிடிக்க முஜீப். அவனுக்குப் பின்னால் துணைக்கு யூனுஸ்.

பிடித்தவன் பந்தோடு எதிர்க்கோடு வரை ஓடலாம். ஆனால் அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே எதிராளிகள் முழு வேகத்தில் வந்துகொண்டிருப்பார்கள். பந்து கைக்கு வந்ததும் மோதிச் சாய்க்கலாம். தப்பிக்க ஒரு வழி உண்டு. கையைத் தலைக்கு மேல் முழுதாக நீட்டி, இப்படியும் அப்படியுமாக ஆட்ட வேண்டும். ஆட்டியவனை எவனும் தொடக்கூடாது, அவனும் ஓடக்கூடாது. பிடித்த இடத்திலேயே பந்து செத்துவிடும்.

முஜீப் ஒருநாளும் கை தூக்கியதில்லை. அது பயந்தவன் வேலை என்பான்.

வருகிறவர்களில் முதல் ஆள் கதிரேசன். கபடியில் வளர்ந்த உடம்பு. தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். முஜீப், யூனுஸின் மனைவி ஹுமேராவின் தம்பி. காய்ச்சல் என்று படுத்த ஹுமேரா எழுந்திருக்கவே இல்லை. அதன் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த யூனுஸை இழுத்து வந்து இந்த மைதானத்தில் நிறுத்தியவன் அவன்தான். மாமிக்கு இனி இருப்பது அவன் ஒருவன்.

யூனுஸ் கையைத் தூக்கினான். தெரிந்தேதான் தூக்கினான். நன்றாக ஆட்டவும் செய்தான்.

முஜீப்புக்கு முதுகில் கண் இல்லை. பந்தைப் பிடித்தான், கதிரேசனுக்கு ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் நழுவினான், ஓடினான். விசில் சத்தம் கூச்சலில் அமுங்கிவிட்டது. எதிர்க்கோட்டைத் தாண்டித் திரும்பியவன், ரெஃப்ரி பழைய இடத்தில் காலை ஊன்றி நிற்பதைப் பார்த்தான். பிடிக்க நின்ற பக்கத்தில் யார் கை தூக்கினாலும் எல்லாருக்கும் சேர்த்துத்தான். ஓடியது செல்லாது.

கோச் சுந்தரராஜுலு தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார். கூட ஆடும் அன்புமணி சும்மா இருக்கவில்லை.

"ஏனுங்க யூனுஸ் பாய், காந்திபுரம் பஸ்ஸுக்குங்களா கை காட்டுனீங்க? அது போயே போச்சுங்க."

சிரித்தார்கள். முஜீப் சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"நீங்களா மச்சான்?"

"நான்தான்."

"எனக்கு ஒண்ணும் ஆவாது மச்சான்."

"உங்கக்காவும் ஆஸ்பத்திரி போறப்ப அதையேதான் சொன்னா."

முஜீப் முகத்தில் ஏதோ ஒன்று நகர்ந்ததை யூனுஸ் பார்த்தான். சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. சொல் வெளியே போய்விட்டது.

சுந்தரராஜுலு யூனுஸை வெளியே உட்கார வைத்தார். கோபத்தில்கூட மரியாதை குறையவில்லை. கொஞ்ச நேரம் தண்ணி குடிச்சுட்டு உக்காருங்க, நல்ல ஆட்டமுங்க இது, என்னத்துக்குங்க கெடுத்துக்கோணும் என்றார்.

கோட்டுக்கு வெளியே இருப்பவன் கை தூக்கினால் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. யூனுஸ் பெஞ்சில் உட்காராமல் நின்றான். கோவை அணியால் கோட்டை எட்ட முடியாமல் பந்து மறுபடி திருப்பூர்க்காரர்கள் கைக்குப் போயிருந்தது. இந்தத் தடவையும் திருப்பூர்க்காரர்கள் நகர முடியாமல் திணறட்டும் என்று மற்ற எல்லாரும் வேண்டிக்கொண்டார்கள். பந்து திரும்பி வர அதுதான் வழி. யூனுஸ் ஒருவன்தான் அவர்கள் நகர்ந்துகொண்டே இருக்கட்டும், உதைக்கவே வேண்டாம் என்று வேண்டினான்.

உதைத்தார்கள்.

முஜீப் தனியாக நின்றான். பந்து மேலே ஏறிக்கொண்டிருந்தபோது அவன் ஒரு கணம் பந்தை விட்டுவிட்டு பெஞ்சுப் பக்கம் திரும்பி யூனுஸைப் பார்த்தான். இதுவரை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை. பிறகு அண்ணாந்தான்.

அவன் வலது கை எழுந்தது. இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து காதுக்கு. காதோரம் வந்து நின்றது. மேலேயும் போகவில்லை, ஆடவும் இல்லை.

தூக்கு, என்றான் யூனுஸ். குரல் வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. பாதி தூக்கிய கையைப்போல ஆபத்து அந்த விளையாட்டில் வேறு இல்லை. ஓடும் உரிமை போய்விடும், காவலும் கிடைக்காது. தூக்காமலே இருந்திருந்தால் முஜீப் நழுவி ஓடியிருப்பான். முழுதாகத் தூக்கியிருந்தால் கதிரேசன் நின்றிருப்பான்.

கை இறங்கி வந்து பந்தை அணைத்தது. அவன் இன்னும் காலை எடுக்கவில்லை. கதிரேசனின் தோள் வந்து இறங்கியது.

அந்தச் சத்தம் யூனுஸுக்குக் கேட்டது. தேங்காய் உடைகிற சத்தம் மாதிரி இல்லை. ஈர மண்ணில் மூட்டை விழுகிற மாதிரி. ஓடினான். எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று நினைவில்லை. கதிரேசன் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, கை காதுகிட்டதாங்ணா இருந்துச்சு. ஆட்டலீங்க. நான் என்னன்னு நெனைக்கறதுங்க?"

அவன் சொன்னது சரி. யூனுஸ் முஜீப் பக்கம் குனிந்தான். முஜீப்பின் கண்கள் திறந்திருந்தன. இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

கழுத்து அசையாமல் பலகையில் ஏற்றினார்கள். ஆம்புலன்ஸில் யூனுஸ் தலைமாட்டில் இல்லாமல் இடது கைப் பக்கமாக உட்கார்ந்துகொண்டான். சத்தி ரோட்டில் நெரிசல். ஹாரன் ஓயவில்லை.

"தூக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சேன் மச்சான்," என்றான் முஜீப். "எப்பவும் யோசிக்கமாட்டேன்."

யூனுஸ் அவன் கட்டைவிரலை அமுக்கினான். "தெரியுதா?"

"ம்."

ஆள்காட்டி விரல். "ம்." நடுவிரல். "ம்."

"அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நான்தான்."

"அக்கா போனதையும் நீங்கதான் அதுகிட்ட சொன்னீங்க. வேண்டாம். உங்க குரலக் கேட்டாலே நான் செத்துட்டேன்னு நெனைச்சுக்கும். கோச்சச் சொல்லச் சொல்லுங்க."

யூனுஸ் தலையாட்டினான். மோதிர விரலை அமுக்கினான். பதில் இல்லை. சுண்டுவிரலை அமுக்கினான். பதில் இல்லை. நகம் பதிய அமுக்கினான்.

"நோவுது மச்சான்," என்றான் முஜீப், எரிச்சலாக. "எல்லா வெரலும் நோவுது. விடுங்க."

யூனுஸ் விடவில்லை. மறுபடி கட்டைவிரலிலிருந்து ஆரம்பித்தான்.