ஏறாத தோணிக்கு அபராதம்

ஏறாத தோணிக்கு எவளாவது அபராதம் கட்டுவாளா? சனிக்கிழமை காலையில் மீனவர் தலைவரின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அராபாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஒரு கிடா, இரண்டு பாட்டில் ஜின். செவ்வாய்க்கிழமைக்குள் கொண்டுவந்து வைத்துத் தோணியின் தீட்டைக் கழிக்க வேண்டுமாம். அதுவரை அந்தக் கரையில் எவனும் அவளிடம் ஒரு டார்ச் லைட்டைக்கூட ரிப்பேருக்குக் கொடுக்கக் கூடாதாம்.

கழிமுகப் பாலத்தடியில் அவளுடையது ஒரு மரப்பெட்டிக் கடை. ரேடியோ, போன், தோணி விளக்கு, பேட்டரி சார்ஜ் என்று பதினோரு வருஷமாக அந்தக் கரையை நம்பித்தான் சோறு. சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ளேயே நாலு பேர் வந்து, பாதி ரிப்பேரில் கிடந்த போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருத்தன்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பதினோரு வருஷப் பழக்கத்துக்கு அவ்வளவுதான் மரியாதை!

எல்லாம் அந்த மீன் காட்டும் மெஷினால் வந்த வினை. ‘பொறாமை வேண்டாம்’ என்று பக்கப்பலகையில் எழுதியிருக்கும் பெரிய தோணி குக்குவாம்மாவுடையது. மீனைச் சுட்டு உள்ளூர்ச் சந்தைகளுக்கு அனுப்புகிறவள். தண்ணீருக்கடியில் மீன் கூட்டம் எங்கே நிற்கிறது என்று திரையில் காட்டும் மெஷின் ஒன்றை வாங்கி வந்து, “நீயே மாட்டிக் கொடு” என்று அராபாவிடம் கொடுத்தாள். மெஷினின் காது ஒரு சோப்புக்கட்டி அளவுள்ள சென்சார். அது கீழே சத்தம் அனுப்பும், திரும்பி வருவதைக் கேட்கும்.

அராபா கூடவந்த காகிதத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். ஃபைபர் படகென்றால் சென்சாரை உள்ளே அடிப்பக்கத்தில் பசை வைத்து ஒட்டலாம். மரமென்றால் கூடாது. மரப்படகின் படத்துக்கு மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறியே போட்டிருந்தது.

தோணியை நடத்தும் தண்டல் குவாமினாவிடம் அதைக் காட்டினாள். அவர் சிரித்தார்.

“அது வெள்ளைக்காரன் ஊர் மரத்துக்குப் போட்டது. நம்ம மரத்தைப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?”

“எந்த ஊர் மரமா இருந்தா என்ன அண்ணே? நம்ம தோணி மரம் பஞ்சு மாதிரி, உள்ளே பூரா காத்து. அதுவும் நாலு விரல் கனம். சத்தம் அதுக்குள்ளயே செத்துடும்.”

“மரத்துல சத்தம் போகாதா? இங்க வா.” தோணியிலிருந்தபடியே துடுப்பைத் தண்ணீருக்குள் நட்டு, கைப்பிடியைக் கரையோரக் கல்மேடையில் நின்ற அவள் பக்கம் சாய்த்தார். “காதை வை.”

வைத்தாள். உள்ளே பொரிகிற எண்ணெய் போல ஏதோ சலசலத்தது. அந்தக் கரையில் மீனைத் தேடுவதே அப்படித்தான். துடுப்பில் காதை வைத்துக் கேட்டு, எந்த மீன், எந்தப் பக்கம் என்று சொல்வதில் குவாமினா கெட்டிக்காரர். அதை இல்லையென்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அராபாவுக்குப் பதில் வரவில்லை.

“கேட்டுச்சா? மரம்தானே அது? இப்ப பேசு பார்ப்போம்.”

“அப்ப ஒரு கம்புல கட்டி வெளியே தொங்கவிடுங்க. கரைக்கு வரும்போது தூக்கிக்கலாம்.”

“தூண்டில் போடுற பொடியன் மாதிரியா? கரையே சிரிக்கும்.”

சொல்லிவிட்டு அவரே பசையைக் குழைத்தார். அவரே தோணியின் வயிற்றில் சென்சாரை அழுத்தி ஒட்டினார். பெண்கள் தோணியில் கால் வைக்கக் கூடாதென்பது அந்தக் கரையின் கட்டுப்பாடு. அராபா அதை மீறவில்லை. கல்மேடையில், கொளுத்துகிற வெயிலில் நின்று, எந்த ஒயர் எங்கே என்று தொண்டை கட்டக் கத்தினாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ‘பொறாமை வேண்டாம்’ திரையைப் பார்த்துக்கொண்டே சுற்றியது. குவாமினா துடுப்பைத் தொடவேயில்லை. புது மெஷின் இருக்கும்போது துடுப்பு எதற்கு? திரையில் ஒன்றும் இல்லை. பக்கத்துத் தோணிகள் மத்தி மீனை அள்ளிக்கொண்டு வந்தன. இவர்கள் பெட்ரோலைத் தீர்த்துவிட்டு வெறும் வலையோடு வந்தார்கள். தோணியாட்கள் முப்பது பேருக்கு முன்னால் தன் தப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வருமா? கொஞ்சமும் கூசாமல், “அராபா தீட்டோட தோணியில ஏறினா, அதான்” என்று பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு. எல்லோரும் வலை பின்னிக்கொண்டு கரையில் இருந்தார்கள். மீனவர் தலைவர் நானா அன்சா மேடையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அராபா கிடா இல்லாமல், ஜின் இல்லாமல் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

“கையில ஒண்ணையும் காணோமே?” என்றார் தலைவர்.

“நான் ஏறல நானா. ஏறாததுக்கு எதுக்குக் குடுக்கணும்?”

“ஏறினா,” என்றார் குவாமினா, கட்டியிருந்த தோணிக்குள் நின்றபடி.

“எப்ப ஏறினேன்? எந்தக் காலை வச்சேன்? சத்தியம் பண்ணுங்க பார்ப்போம்!”

குவாமினா வலைக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் வலையைப் பார்த்தார்கள். “சரி, ஏறல. ஆனா உன் நிழல் உள்ளே விழுந்துச்சு.”

அராபாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நிழலாம்! வெயிலுக்கும் சேர்த்து இவளே அபராதம் கட்ட வேண்டும் போல!

“நானா, ஒரே ஒரு கேள்வி. மீன் சத்தம் கேக்குறதுக்கு அண்ணன் துடுப்பை எங்கே வைக்கிறாரு?”

“தண்ணியில,” என்றார் தலைவர்.

“தண்ணியிலதானே? தோணிக்குள்ள குப்புறப் படுத்து அடிப்பலகையில காதை வச்சு, மத்தி எங்கே போகுதுன்னு என்னைக்காவது சொல்லியிருக்காரா? அவர் காதுக்கே கேக்காத இடத்துல மெஷினோட காதை ஒட்டிட்டு, கேக்கலன்னு என்னைச் சொன்னா எப்படி?”

ஞாயிற்றுக்கிழமை சோளமாவில் அவித்த கென்கே உருண்டையைப் பிய்த்து மிளகாயில் தொட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்தப் பதில் கிடைத்தது. கிடைத்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

வலைக்காரர்களில் ஒருத்தன் வாய்விட்டுச் சிரித்தான். தலைவர் மெஷினைப் போடச் சொன்னார். திரையில் வெறும் கோடுகள் ஓடின. “அதைப் பிடுங்கு, குவாமினா.” குவாமினா கத்தியை விட்டு நெம்பி சென்சாரை எடுத்தார். “துடுப்போட நுனியில கட்டுங்க அண்ணே,” என்றாள் அராபா. வேறு வழியில்லாமல் கட்டினார். துடுப்பைத் தண்ணீரில் இறக்கியதும் திரையில் தரை தெரிந்தது. ஒன்பது அடி. ஈயக்குண்டைக் கயிற்றில் விட்டு அளந்தார்கள். அதுவும் ஒன்பதுதான். திரையின் நடுவில் சின்னச் சின்னதாய் நாலைந்து வளைவுகள் நகர்ந்தன. கழிமுகத்து மடவை மீன்கள்.

குவாமினாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மனுஷர் விட்டாரா? “சரிம்மா, போனது போகட்டும். கிடா வேண்டாம். பேச்சை முடிக்கிறதுக்கு ஒரு பாட்டில் ஜின் மட்டும் வச்சுடு.”

“அது நியாயம்தான்,” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

நியாயமா? அராபா தலைவரைப் பார்த்தாள். அவர் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். மெஷின் உண்மையைச் சொன்ன பிறகும் இவர்களுக்கு அவளிடமிருந்து ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும். ஒரு பாட்டில் வைத்தால்கூட ஏறினாள் என்று ஆகிவிடும். நாளைக்கு எந்தத் தோணி வெறுங்கையோடு வந்தாலும் அவள் கடைக்குத்தான் ஆள் வரும்.

“ஒரு பாட்டில்தானே? வைக்கிறேன்,” என்றாள். “ஆனா செஞ்சதுக்குத்தான் வைப்பேன்.”

செருப்பைக் கழற்றி மேடையில் போட்டாள். துணியை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பக்கப்பலகையைத் தாண்டி ‘பொறாமை வேண்டாம்’ தோணிக்குள் குதித்தாள். வலைக்காரர்கள் வலையைப் போட்டுவிட்டு எழுந்தார்கள்.

“இப்ப ஏறியிருக்கேன். நல்லாப் பாருங்க. வலதுகால், இடதுகால், நிழலு, எல்லாம் உள்ளேதான் இருக்கு. மெஷின் என்ன சொல்லுது? படிங்க அண்ணே, சத்தமா!”

குவாமினா திரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். “ஒன்பது அடி,” என்றார்.

“மீனு?”

“இருக்கு.”

கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த குக்குவாம்மா மேடையின் விளிம்புக்கு வந்தாள். தோணிக்கு மரம் வாங்கியவள் அவள். வலையும் என்ஜினும் வாங்கியவளும் அவள்தான். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அதற்குள் கால் வைத்ததில்லை. செருப்பைக் கழற்றி அராபாவின் செருப்புக்குப் பக்கத்தில் போட்டாள்.

“ஏ குவாமினா, என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே? கையைக் குடு,” என்றாள். “என் தோணியை நான் ஒருதரம் பார்க்கணும்.”

குவாமினா துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.