ஒழிக குழுவின் ஒரே கச்சேரி

‘ஒழிக’ குழுவின் வரலாற்றை எழுத ஒரு தாள் போதும். அதிலும் பாதி மிஞ்சும். பாட்டுக்கு ஒரு தையற்காரர். தாளத்துக்கு ஒரு குழாய்க்காரர். கிட்டாருக்குத் தையற்காரரின் மச்சினன். ஆறு கம்பியில் மூன்றுதான் அவனுக்குப் பழக்கம். மற்ற மூன்றோடு பேச்சுவார்த்தை இல்லை.

இசை, பங்க்; எதையும் எதிர்த்துக் கத்தும் மேனாட்டு வகை. “பங்க்குன்னா பெட்ரோல் போடுவாங்களே, அதுவாங்க?” என்று முதல் நாள் கேட்ட தையற்காரரின் மனைவி, மூன்று வருட இரைச்சலுக்குப் பிறகு தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

“கடைக்குப் பின்னால நீங்க கத்தற ரூம் எனக்கு வேணும். உங்க பாட்டை யாராவது கடைசி வரைக்கும் கேட்டுட்டா, நீங்களே வச்சுக்கங்க.”

“நீ கேளேன்.”

“நான் பொண்டாட்டி. கணக்குல வராது.”

இருந்ததே ஒரு பாட்டு; கண்ணில் பட்டதையெல்லாம் ‘ஒழிக’ என்பதுதான் அது. கேட்டவர்கள் பாதியிலேயே செருப்பைத் தேடுவார்கள்.

கடைசி முயற்சியாகக் குழாய்க்காரர் சுவரொட்டி எழுதினார். நாளெல்லாம் ஒழுகுவதையே பார்த்த கை. ‘ஒழிக’ என்பதை ‘ஒழுக’ என்று எழுதிவிட்டது.

மறுநாளே ஒரு தலைமையாசிரியை கடையேறி வந்தார். “ஒழுக! என்ன அருமையான பேரு! எங்க பிள்ளைங்களுக்கு நல்லொழுக்கத்தைப் பத்திப் பாடுவீங்களா?”

வாயில் குண்டூசி இருந்ததால் மறுக்க முடியவில்லை என்று தையற்காரர் பிறகு சொல்லிக்கொண்டார்.

பள்ளி விழாவன்று மேடைக்குப் பின்னால் மச்சினன் குதித்தான். “மாமா, மானம் போயிரும்!”

“ஒரு எழுத்துதானடா. ‘ழி’யப் பிரிச்சுட்டு ‘ழு’வ வச்சுத் தைக்கிறேன்.”

“அப்ப நம்ம கொள்கை?”

“அதை அப்புறம் ஒட்டிக்கலாம்பா, முதல்ல ரூம்” என்றார் குழாய்க்காரர்.

“வரிசையில் ஒழுக! வாய்பொத்தி ஒழுக!” என்று தையற்காரர் தொண்டை கிழியக் கத்தினார். பின்வரிசையில் ஒரு குரல்: “டேய், சார் ஒழுகுறாருடா!” சிரிப்பு. அப்புறம் எவனோ “ஒழிக!” என்றான். தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் அரங்கமே “ஒழிக! ஒழிக!” என்றது. தலைமையாசிரியை தலையில் கைவைத்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை ஒரு பிள்ளைகூட எழுந்து போகவில்லை. கதவு பூட்டியிருந்தது வேறு விஷயம்.

கடைசி நாற்காலியில் இருந்த மனைவியைத் தையற்காரர் வாசலில் பிடித்தார்.

“கடைசி வரைக்கும் கேட்டாங்கல்ல?”

“கேட்டாங்களா? விரட்டினாங்க.”

“கடைசி வரைக்கும் விரட்டினாங்கல்ல?”

அவள் சிரித்துவிட்டாள். பிள்ளைகளோடு சேர்ந்து கத்தியதில் குரல் கம்மியிருந்தது. “சரி, ரூமை வச்சுக்கங்க. ஆனா அந்த ‘ஒழுக’ப் பாட்டை விட்டுடுங்க. பிள்ளைங்க ஒண்ணு பாடிச்சுங்களே, அதைப் பாடுங்க. அதுதான் கேக்கற மாதிரி இருக்கு.”