பெயர் போடாத மூன்று பக்கம்

1

இந்தக் கதை ஒரு மொட்டைக் கடிதத்தில் பிறந்தது. அதை எழுதியவன் நான்தான். இப்போதே சொல்லிவிடுகிறேன், பாதியில் கண்டுபிடித்துவிட்டதாக நீங்கள் பெருமைப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் காலியாக விட வேண்டிய இடத்தில், அனுமதி வாங்காமல் ஓர் அறை கட்ட ஆரம்பித்தார். சுவர் என் எழுத்துமேசை ஜன்னலுக்கு நேராக எழுந்தது. வெளிச்சம் போயிற்று. நகராட்சிக்குப் புகார் எழுதினேன்.

(முதலில் வைத்திருந்த தொடக்கம்: "சட்டத்தை மதிக்கும் ஒரு சாதாரணக் குடிமகன்..." எனக்கே சிரிப்பு வந்ததால் அடித்துவிட்டேன்.)

2

புகார்ப் படிவத்தில் 'விவரம், சுருக்கமாக' என்று போட்டு நான்கு கோடுகள் இருந்தன. நான் மூன்று பக்கம் இணைத்தேன். "மாலையில் மேசையின் இடது ஓரத்தில் வந்து உட்காரும் வெயிலை, செங்கல் வரிசை வரிசையாக ஏறி விழுங்கிற்று" என்ற வாக்கியத்துக்கு மட்டும் அரை நாள் ஆயிற்று.*

* விவரம் தெரிந்தவன் எத்தனை அடி விட வேண்டும், எத்தனை அடி விட்டிருக்கிறார் என்று எழுதியிருப்பான். என் மூன்று பக்கத்தில் ஓர் அளவுகூட இல்லை.

"இதுக்கு மேசையைத் திருப்பிப் போட்டிருக்கலாமே?" என்றாள் மனைவி. இவளுக்கு எழுத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

3

கதைக்காகத் தையல்காரம்மாவைக் கொஞ்சம் கெட்டவராகக் காட்ட வேண்டும். முயன்றேன். "அவர் வாயைத் திறந்தால் தெருவே..." இல்லை, மெதுவாகப் பேசுபவர். "திமிர் பிடித்த..." என் சட்டையின் நைந்த காலரைக் கேட்காமலே திருப்பித் தைத்துக் கொடுத்தவர்.

அறை அவருடைய அக்காவுக்கு. இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இனி மாடிப்படி ஏற முடியாது. கீழே தையல் மெஷின்களுக்கும் அடுப்புக்கும்தான் இடம்.

(உங்கள் கண்ணீருக்காக அக்காவை இட்டுக்கட்டினேன் என்று நினைப்பீர்கள். தையல்காரம்மா இட்டுக்கட்டியிருக்கலாம் என்று நானும் நப்பாசைப்பட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா இருக்கிறார். வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைத்துக் காட்டினார்.)

இதையெல்லாம் புகார் எழுதுவதற்கு முன் விசாரித்திருக்கலாம். விசாரித்திருந்தால் அந்த வெயில் வாக்கியம் வந்திருக்காது.

4

போன வாரம் தையல்காரம்மா என் அறைக்கு வந்தார். கையில் நோட்டீஸ். கெடுவுக்குள் விளக்கம் தராவிட்டால் இடித்துவிடுவார்கள். பின்னால் என் மூன்று பக்கத்தின் நகல்.

"நீங்க எழுதுறவரு. இதுக்கு நல்லதா ஒரு பதில் எழுதிக் குடுங்கண்ணா."

உருகி உருகி எழுதினேன். படித்துவிட்டு, நோட்டீஸோடு வந்த நகலை ஒருமுறை புரட்டினார்.

"தப்பா நினைக்காதீங்க. புகார் எழுதினவரு இன்னும் நல்லா எழுதியிருக்காரு. அந்த வெயில் வர்ற இடம் படிச்சப்ப எனக்கே பாவமாயிடுச்சு."

குற்றவுணர்வு வருவதற்குள் எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. வாயெல்லாம் பல்லாக, "அப்படியா? நிஜமாவா?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேசையின் இடது ஓரத்தை. பிறகு ஜன்னலுக்கு வெளியே தன் சுவரை. அந்தச் சுவரைப் பார்த்து மேசை போட்டிருப்பவன் உலகத்தில் நான் ஒருவன்தான்.

"அதை மனசு வச்சு எழுதின மாதிரி இதையும் எழுதுங்கண்ணா," என்றார்.

திட்டியிருந்தால் பதிலுக்குச் சட்டம் பேசித் தப்பித்திருப்பேன். வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

5

நகராட்சிக்குப் போய் விசாரித்தேன். "விளக்கம் மட்டும் போதாது. புகாரை எழுதினவரே நேர்ல வந்து, பேர் போட்டு வாபஸ் வாங்கணும்," என்றார் கிளார்க். "பக்கத்து வீட்டுக்கு ஆட்சேபணை இல்லைன்னா அந்த அம்மா அனுமதிக்கு எழுதிப் போடலாம், இடிக்க மாட்டோம். ஆனா எழுதினது யாருன்னே தெரியலையே, சார். ஆபீஸ்ல எல்லாரும் வாங்கி வாங்கிப் படிச்சோம். உங்களுக்குத் தெரியுமா?"

வாழ்க்கையில் முதல் முறையாக என் வாசகர்கள் ஒரே அறையில் கூடியிருந்தார்கள். "தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

6

முடிவுகள்:

(அ) கதாசிரியர் கையெழுத்துப் போடுகிறார். அக்கா புது அறைக்குள் வலது காலை... ரொம்ப இனிக்கிறது.

(ஆ) இடிக்கிறார்கள். வெயில் திரும்ப வருகிறது. நான் அதில் உட்கார்ந்து... மேலே எழுத முடியவில்லை.

(இ) முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன். மற்றவர்கள் செய்தால் அது உத்தி. நான் செய்தால் இரண்டாவது மொட்டைக் கடிதம்.

கெடு இன்றோடு முடிகிறது. அக்காவை நாளைக் காலையில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும். மணி நாலு. நான் இங்கே உட்கார்ந்து முற்றுப்புள்ளிகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, கிளம்புகிறேன். போய்ச் சேர்ந்தேனா, பெயர் போட்டேனா என்று என்னைக் கேட்காதீர்கள். எது நடந்தாலும் நான் நன்றாகத்தான் எழுதுவேன். தையல்காரம்மாவைக் கேளுங்கள்.